வீடும் வேலையும் ஒன்றாகப் போகும்போது

2025 அக்டோபர் 20 தீபாவளி. 2026 பிப்ரவரி 1 தைப்பூசம். இந்த இரண்டுக்கும் நடுவில் மலேசியாவின் போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு என்னென்ன வந்து சேரக்கூடும் என்று பாருங்கள். தீபாவளிக்குத் துணிமணி, பலகாரம். அது முடிந்ததும் பெரிய பிள்ளைக்கு எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வு. அந்த நேரம் பார்த்து மேற்குக் கரையில் மழை பிடித்துக்கொள்ளும். பால்மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. டிசம்பரோடு வீட்டுப் பெரியவருக்கு வயது அறுபது, வேலை முடிகிறது. பேரப்பிள்ளை முதலாம் ஆண்டுக்குப் போகிறான். மகளுக்குத் தையில் கல்யாணம். இவ்வளவுக்கும் இடையே, பல காலம் குடியிருந்த தோட்டத்து வீட்டைக் காலி செய்து சாவியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும்.

2026இல் நெருக்கடி இன்னும் கூடிவிட்டது. கொரோனா காலத்தில் மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளியாண்டு அந்த ஆண்டில்தான் பழையபடி ஜனவரிக்குத் திரும்பியது. போர்டிக்சன் இருக்கும் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஜனவரி 12 அன்று பள்ளி திறந்தது. மார்ச்சில் திறந்த ஆண்டுகளில் வீடு மாறவும் பள்ளி மாற்றவும் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருந்தது. இப்போது வேலை ஓய்வு, வீடு மாற்றம், பள்ளித் தொடக்கம், கல்யாணம் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன.

“எல்லாம் ஒரே நேரத்துல வந்துருச்சு, என்ன பண்றது” என்று அம்மாக்கள் சொல்வார்கள். கெட்ட நேரம் என்று சிலர் எண்ணிக்கொள்வதும் உண்டு. இதில் கிரகத்தின் வேலை எதுவும் இல்லை. தோட்ட வாழ்க்கை கட்டப்பட்ட விதமே இப்படித்தான். வேலை கொடுத்த அதே கை வீடு கொடுத்தது. வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்தது. பிள்ளையைப் போட்டுவிட்டுப் போக ஆயாக்கொட்டகை கொடுத்தது. மருந்து கொடுக்க ஒரு டிரெசரை வைத்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால் பள்ளிக்கூடமும் தோட்டத்துக்குள்ளேயே வந்தது. கோயிலை மக்களே கட்டிக்கொண்டார்கள். ஆனால் நிலம் தோட்டத்து நிலம். ஆகவே வேலை என்ற ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மற்ற எல்லா முடிச்சும் சேர்ந்தே அவிழும். நகரத்துக்காரருக்கு வேலை ஓய்வு என்பது ஒரு மாற்றம். தோட்டத்துக்காரருக்கு அது ஏழெட்டு மாற்றம்.

நான் போர்டிக்சனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் ஒரே நிரையில் மரம் வெட்டியவர்கள். அதனால் இந்தக் கட்டுரையை எட்ட நின்று எழுத என்னால் முடியாது.

வெளியூர்க்காரர்களுக்குப் போர்டிக்சன் என்றால் கடற்கரைதான். தெலுக் கெமாங்கில் குளியல், சனி ஞாயிறு ஹோட்டல், தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம். தமிழர்களுக்கு இந்த ஊர் கடலுக்கு முதுகைக் காட்டி உள்ளே நீளும் சாலைகளில் இருக்கிறது. சுவா பெத்தோங், தானா மேரா, பிராட்வால், செங்காங், சுங்காலா, அதர்டன் என்று தோட்டங்களின் பெயர்களைச் சொன்னாலே யாருடைய சொந்தக்காரர் எங்கே என்று தெரிந்துவிடும். சிரம்பானிலிருந்து இங்கே ரயில் பாதை வந்தது 1891இல். அந்தக் காலத்தில் நெகிரி செம்பிலானில் காப்பித் தோட்டங்கள்தான் பெயர் பெற்றவை; ரப்பர் அதன் பிறகுதான் மலையை மூடியது.

இடம் பெயர்வது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. வந்ததே ஒரு பெயர்ச்சி. 1942க்குப் பிறகு ஜப்பான்காரர்கள் சயாம் மரண ரயில் பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போயின. அவர்களில் பலர் பார்த்தே இராத ஊர்கள் அவை. அதற்கு முன்பிருந்தே தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வந்தன. அதற்கு எதிராகத் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார். வேலை செய்கிறவனுக்கே மண் சொந்தமாக இருந்தால் அவனை யாரும் எழுப்ப முடியாது என்ற எண்ணம் அது. அந்த எண்ணத்தின் அருமை, அறுபது வயதில் வீட்டைக் காலி செய்கிறவருக்குத்தான் முழுதாகப் புரியும்.

பிறகு செம்பனை என்ற எண்ணெய்ப் பனை வந்தது. ரப்பர் மரத்தை வெட்டக் கணவனும் மனைவியும் ஒன்றாகப் போவார்கள்; ஒருவர் வெட்ட ஒருவர் மங்கு துடைத்து ஒட்டுப்பால் எடுப்பார்; இரண்டு பேருக்கும் பேர் போடப்படும், இரண்டு சம்பளம் வரும். செம்பனைக் குலை இருபது கிலோவும் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். நீண்ட கோலில் அரிவாள் மாட்டி அண்ணாந்து அறுக்கிற வேலை அது. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, மருந்து அடிப்பது என்று மிஞ்சியது. குறைந்த ஆள் போதும் என்றானபோது முதலில் குறைந்தது பெண்களின் சம்பளம்தான். செம்பனை பற்றிய பேச்சில் விலை ஏற்ற இறக்கமெல்லாம் வரும். இந்த விஷயம் வராது.

இன்று தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் நிறைய வீடுகளில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே ஏற்பாடுதான், வேலை இருக்கும்வரை வீடு. நம் தாத்தா பாட்டி நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். அவர்களை அந்நியராகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரம் பற்றி 1966இலேயே ஒரு சட்டம் வந்தது. 1990இல் அது புதுப்பிக்கப்பட்டது. கூரை, தண்ணீர், கழிவறை, ஆயாக்கொட்டகை என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. ஆனால் அந்த விதிகளெல்லாம் அவர் தொழிலாளியாக இருக்கும் வரைதான். வேலை முடிந்த மறுநாள் அந்த வீட்டில் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் யார் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடையாது. 2013 ஜூலை 1 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆனது. தோட்டங்களில் அதன் பொருள், வீட்டுக்கு இன்னும் ஐந்து வருடம் ஆயுள் கிடைத்தது என்பதுதான்.

இந்த ஐந்து வருடத்தில்தான் பெரிய சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஊழியர் சேமநிதிப் பணத்தை 55 வயதில் எடுக்கலாம். வீட்டைக் கொடுக்க வேண்டியது 60 வயதில். பணம் முன்னால் வருகிறது, தேவை பின்னால் வருகிறது. நடுவில் என்ன நடக்கும் என்பது எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். மூத்தவளுக்குக் கல்யாணம் கூடிவரும். மகன் வேலைக்குப் போக மோட்டார் சைக்கிள் வேண்டும். யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு. தம்பி பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கைமாற்று. ஒவ்வொன்றும் நியாயமான செலவுதான். வீண் செலவு என்று ஒன்றைக்கூட ஒதுக்க முடியாது. அறுபது வயதில் கடிதம் வரும்போது கையில் இருப்பது வீட்டுக்கு முன்பணம் கட்டக்கூடப் போதாது. அந்த வயதில் வங்கியும் கடன் தராது.

தோட்டத் தொழிலாளி சேமிக்கத் தெரியாதவர் என்று சொல்கிறவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் வந்தது, மாதம் 900 ரிங்கிட். தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு என்று சேர்த்தால் மாதம் 216 ரிங்கிட்தான் சேமநிதிக்குப் போகும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆகியிருக்கிறது; அதே கணக்கில் மாதம் 408 ரிங்கிட். இந்த ஏற்றம் இப்போது முப்பது வயதில் இருப்பவருக்கு உதவும். இப்போது அறுபதைத் தொடுகிறவருக்கு அது மிகவும் பிந்தி வந்தது.

வீடு மாற்றம் என்பதை ஒரு லோரியில் சாமான் ஏற்றுகிற வேலையாக நினைப்பவர்கள் லயத்தில் வாழ்ந்தவர்களாக இருக்க முடியாது. அலமாரியும் கட்டிலும் எளிது. சாமி மேடையை எப்போது எடுப்பது, யார் எடுப்பது, புது வீட்டில் எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு வாரம் பேச்சு நடக்கும். கோழிகளை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். தோட்டத்துக்கு வெளியே தாமான் என்ற குடியிருப்பு வீட்டில் கோழி வளர்த்தால் புகார் வரும். பின்பக்கத்து முருங்கை, கறிவேப்பிலை, வாழை, பப்பாளி எல்லாம் அங்கேயே நிற்கும். என் அம்மா முருங்கைக் கிளையை ஒடித்துச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து தாமான் வீட்டின் முன்னால் நட்டார். சாக்கடை உடையும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதால் பிடுங்க வேண்டியதாயிற்று. இன்று கறிவேப்பிலை மட்டும் ஒரு வாளியில் இருக்கிறது. தோட்டத்தில் காசு கொடுத்து வாங்காத எத்தனையோ பொருளுக்குத் தாமானில் காசு என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். தண்ணீர்ப் பில், கரண்டுப் பில், வீட்டு வரி, வீட்டுக் கடன். காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு நடந்தே போனவர் இப்போது எதற்கும் மோட்டார் ஏற வேண்டும்.

அடையாள அட்டையில் முகவரி மாற்றுவது சின்ன வேலை போலத் தெரியும். சின்னது இல்லை. முகவரி மாறினால் 30 நாளுக்குள் பதிவு இலாகாவில் சொல்ல வேண்டும் என்பது விதி. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர் ஆகிறார்கள். எந்தத் தொகுதியில் என்பதை அட்டையில் உள்ள முகவரிதான் தீர்மானிக்கிறது. தோட்டத்து முகவரியையே வைத்துக்கொண்டு சிரம்பானிலும் நீலாயிலும் கிள்ளானிலும் வாழ்கிற பிள்ளைகள் ஏராளம். 2018 அக்டோபர் 13 அன்று அன்வார் இப்ராஹிம் நின்ற இடைத்தேர்தலின்போது நாடே போர்டிக்சனைத் திரும்பிப் பார்த்தது. வந்த தலைவர்களில் பலர் தோட்டப் பக்கமும் வந்தார்கள். தேர்தல் இல்லாத காலத்தில் நமக்கு என்ன வேண்டும் என்று கேட்க, நாம் வாழும் இடத்தில் நம் பெயர் இருக்க வேண்டும். சலுகைக்கு விண்ணப்பிக்கப் போனாலும் முதலில் பார்ப்பது முகவரியைத்தான்.

பள்ளி விஷயம் இதைவிட நுட்பமானது. நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் நிறையப் பள்ளிகளின் பெயரில் இன்னும் தோட்டம் இருக்கிறது. படிக்கும் பிள்ளைகளில் பலர் தோட்டத்தில் இல்லை. தாமான்களிலிருந்து வேனில் வருகிறார்கள். குடும்பம் லுக்குட்டுக்கோ ஸ்பிரிங்ஹில்லுக்கோ மாறியதும் தாய் தகப்பன் முன் ஒரு முடிவு நிற்கிறது. நடந்து போகும் தூரத்தில் தேசியப்பள்ளி இருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கு வேன் கட்டணம் கொடுத்து, பிள்ளையை இருட்டில் எழுப்பி அனுப்ப வேண்டும். அந்தச் செலவைத் தாங்கி அனுப்புகிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு பள்ளியைத் தாங்குகிறது என்றே நான் சொல்வேன். வேனுக்குக் காசு இல்லாமல் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஊரில் ஒரு சங்கமோ கோயிலோ ஒரு வேனுக்குப் பணம் போட்டால், மொழிப்பற்று பற்றிய பத்து மேடைப் பேச்சைவிட அது பெரிய காரியம்.

மூத்த பிள்ளைகளின் கதை வேறு. 1990இல் தொடங்கிய போர்டிக்சன் போலிடெக்னிக் சிரூசாவில் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே போய்ப் படிக்கக் கிடைத்த கதவு அது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஜிமா மின் நிலையமும் இருப்பதால் வெல்டிங், பைப் வேலை, பராமரிப்பு என்று கைத்தொழில் தெரிந்தவருக்கு இங்கேயே ஏதாவது கிடைக்கும். படிப்பு கொஞ்சம் கூடினால் கோலாலம்பூர், அதற்கும் மேல் சிங்கப்பூர். ஆகவே அப்பாவும் அம்மாவும் புது வீட்டுக்குப் போகும் அதே மாதத்தில் பிள்ளையும் வெளியூருக்குப் போய்விடுகிறான். மூன்று அறை வீட்டில் இரண்டு பேர்.

கல்யாணம் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். தோட்டத்தில் கல்யாணம் என்றால் பந்தலுக்கு மூங்கில் வெட்ட ஒரு கூட்டம், ஆட்டுக்கு ஒரு கூட்டம், முதல் நாள் இரவு முழுக்க வெங்காயம் உரிக்க ஒரு கூட்டம். கூப்பிடாமலேயே வந்து அரிவாள்மணையில் உட்கார்ந்துவிடுவார்கள். மொய் பணம் பெரிதில்லை. ஆள் உழைப்புத்தான் பெரிய மொய். இப்போது மண்டபம், கேட்டரிங், மேடை அலங்காரம், வீடியோ. எல்லாமே காசு. பழைய கல்யாணத்துக்கு ஆன செலவைவிட இன்றைய செலவு இவ்வளவு கூடியதற்கு ஆடம்பரம் மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமில்லை. இலவசமாகக் கிடைத்த நூறு கைகள் இப்போது பத்து ஊர்களில் இருக்கின்றன, அவர்களுக்கும் சனிக்கிழமை வேலை இருக்கிறது. சேமநிதிப் பணம் மண்டபத்துக்குள் போய்ச் சேர்வது இந்த வழியில்தான்.

இதோடு பதிவு வேலையும் உண்டு. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவது கட்டாயம். விண்ணப்பம் கொடுத்தபின் 21 நாள் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். வீடு மாறி, அட்டையில் முகவரி மாறாமல் நிற்கும் குடும்பத்துக்கு இந்த நேரத்தில் இன்னொரு அலைச்சல்.

ஓய்வு பெற்ற ஆணின் உடம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாற்பது வருடம் விடியுமுன் எழுந்து, மேடும் பள்ளமும் நடந்த கால்கள் திடீரென்று ஒரு ஹாலில் டிவி முன்னால் நின்றுவிடுகின்றன. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. எல்லா இனத்திலும் இதுவே அதிகம். உழைப்பு நின்றபின் சாப்பாட்டின் அளவு மட்டும் நிற்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்குப் பார்க்கலாம். ஆனால் தோட்டத்து டிரெசர் வீட்டுக்கே வந்து “மருந்து சாப்பிட்டியா” என்று கேட்ட காலம் போய், இப்போது தேதி வாங்கி, பஸ் ஏறி, வரிசையில் உட்கார வேண்டும். நிறைய அப்பாக்கள் போவதில்லை. சிலர் காவலாளி வேலைக்குப் போகிறார்கள்; பணத்துக்காகப் பாதி, வீட்டில் உட்கார முடியாமல் பாதி.

பெண்கள் இந்த மாற்றத்தை வேறு விதமாக எடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். கதவைச் சாத்தினால் தனக்கென்று ஒரு வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர். குடித்துவிட்டு வாசலில் கத்தும் ஆள் இல்லை. “இங்க நிம்மதியாத் தூங்குறேன்” என்று ஒரு பெரியம்மா சொன்னபோது, லயத்து வாழ்க்கையை நினைத்து ஏங்கி எழுதுகிற நம்மைப் போன்றவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்று தோன்றியது. அவர் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவுக்குப் போகிறார். முதல்முறையாகத் தன் பெயரில் ஏடிஎம் கார்டு வைத்திருக்கிறார். அதே பெரியம்மாவுக்குப் பக்கத்து வீட்டாரின் பெயர் இன்னும் தெரியாது.

அதனால்தான் சேதி சொல்வதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். தோட்டத்தில் ஒரு வீட்டில் நடந்தது விடிவதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். பிரட்டிலேயே பாதி தெரிந்துவிடும். யாருக்குக் காய்ச்சல், யார் மகள் பெரிய மனுஷி ஆனாள், யாருக்கு வேலை முடிகிறது என்று கேட்டறிந்து அவரவர் தம்மால் ஆனதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இப்போது அந்த வேலையைத் தோட்டத்துப் பெயரில் ஓடும் வாட்ஸ்அப் குழுக்கள் செய்கின்றன. அவற்றில் காலை வணக்கப் படங்கள் நிறைய வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். நடுவே “அண்ணனுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கு, வண்டி உள்ளவங்க சொல்லுங்க” என்று ஒரு வரி வரும். சாயங்காலத்துக்குள் மூன்று வண்டி தயாராகும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஊர் ஊராகப் போனவர்கள் திரும்பி வருவதும் இந்தச் சேதிகளைக் கேட்கத்தான். சாமி கும்பிட்டு முடிந்ததும் யாரும் உடனே கிளம்புவதில்லை.

ஆனால் அந்தக் குழுக்களிலும் திருவிழாவிலும் பேசப்படாத ஒன்று உண்டு. பணம் எடுத்தாச்சா, வீட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்க எல்லாருக்கும் கூச்சம். பிள்ளை கேட்டால் சொத்துக்கு அலைகிறான் என்று ஆகிவிடுமோ என்ற பயம். அப்பாவாகச் சொன்னால் பிள்ளைக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஐந்து வருடம் ஓடிவிடுகிறது. 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் சேமநிதி மூன்று கணக்காகப் பிரிந்திருக்கிறது. அதில் 15 விழுக்காடு போகும் இரண்டாம் கணக்கிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்க வழி இருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் இதைத் தெரிந்துகொண்டால் பயன் உண்டு. இதைத் தமிழில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஒவ்வொரு தோட்டத்துக் கோயில் மண்டபத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கக்கூடாதா? தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் இதில் கடமை இருக்கிறது, கம்பெனிகளுக்கும் இருக்கிறது. ஓய்வுக் கடிதத்தை அறுபதில் கொடுப்பவர்கள், வீட்டைப் பற்றிய பேச்சை ஐம்பதில் தொடங்கியிருக்க வேண்டும்.

சிரம்பான், போர்டிக்சன் மாவட்டங்களைத் தழுவி மலேசிய விஷன் வேலி என்ற பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டு வேலைகள் நடக்கின்றன. செம்பனை நின்ற இடங்கள் நகரமாகப் போகின்றன. அந்த நகரத்தில் வீட்டு விலை என்னவாகும் என்று எல்லாரும் பேசுகிறார்கள். அந்த மண்ணில் வெட்டியவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் அங்கே எத்தனை வீடு, என்ன விலைக்கு என்பது திட்டம் தாளில் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி; அடுக்குமாடி எழும்பியபின் கேட்டுப் பயனில்லை.

1971இல் பிறந்தவர்களுக்கு 2026இல் 55 ஆகிறது. போர்டிக்சன் லயங்களில் இன்னும் அந்த வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். சேமநிதிப் பணம் அவர்கள் கைக்கு அந்த ஆண்டு வரும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் 2031இல் வரும்.